இழுத்தால் வரும், விட்டால் சுருங்காது

பாகலூர் சாலையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "யுகாதிக்கு ஒப்பட்டு தட்டினால் எனக்கு மட்டும் ஓரம் கிழிந்து பூரணம் வெளியே வந்துவிடுகிறது. என் மாமியார் தட்டினால் கிழிவதே இல்லை. மாவிலா கோளாறு, கையிலா?"

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்தில் ஒப்பட்டு செய்முறையை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. தமிழோ தெலுங்கோ கன்னடமோ, எந்த மொழி பேசும் வீட்டிலும் பண்டிகை என்றால் தோசைக்கல்லில் நெய் வாசம் எழும். அதனால் நேரே மாவுக்குப் போய்விடலாம்.

கோதுமையில் குளூட்டெனின், கிளையடின் என்று இரண்டு புரதங்கள். தண்ணீர் பட்டுப் பிசைந்ததும் இரண்டும் பின்னிக்கொண்டு குளூட்டன் வலையாகின்றன. குளூட்டெனின் இழுத்து விட்டால் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும். கிளையடின் இழுத்த பக்கம் வரும். இதில் எந்தக் குணம் வேண்டும் என்பது பலகாரத்தைப் பொறுத்தது. செக் நாட்டு வீடுகளில் கோலாச் என்றொரு இனிப்பு ரொட்டி சுடுகிறார்கள். ஈஸ்ட் போட்டுப் பொங்கிய மாவை வட்டமாக்கி, நடுவே குழித்து, கசகசாப் பூரணமோ பிளம் பழக் களியோ நிரப்பி ஓவனில் வைப்பார்கள். அந்த மாவு ஈஸ்ட் விடும் காற்றைத் தாங்கி உப்ப வேண்டும். அதனால் திரும்பும் குணம் அங்கே தேவை. பூரணமும் திறந்தபடி மேலேயே இருப்பதால் கிழியும் பேச்சே இல்லை.

ஒப்பட்டுக்கு வேண்டியது நேர் எதிர். மாவு இழுத்தால் வர வேண்டும், விட்டால் சுருங்கக் கூடாது. அதற்குத்தான் தளரப் பிசைந்து, எண்ணெய் ஊற்றி, இரண்டு மணி நேரமாவது மூடிவைப்பது. பிசைந்த வேகத்தில் விறைத்த வலை அந்த நேரத்தில் தானாகத் தளர்கிறது. உள்ளே பிசைந்த எண்ணெய் இழைகளை ஒட்டவிடாமல் பிரிக்கிறது. மேலே ஊற்றியது காயாமல் காக்கிறது. சிரோட்டி ரவை சேர்ப்பவர்கள் இன்னும் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். ரவை தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும்.

ஆனால் என்னை எப்போதும் வியக்கவைப்பது வேறு. மேல்மாவும் பூரணமும் ஒரே இளக்கத்தில் இருக்க வேண்டும் என்று பெரியவர்கள் இரண்டையும் விரலால் அமுக்கிப் பார்ப்பார்களே, அது. சிப்காட்டில் ஒரு ரப்பர் ஆலையில் நான் வேலை பார்த்தபோது, இரண்டு வகை ரப்பரை ஒரே அச்சு வழியாகத் தள்ளுவோம். ஒன்று இறுகலாகவும் மற்றது இளகலாகவும் இருந்தால் வெளியே வரும் பட்டை வளைந்து நெளிந்து நாசமாகும். ஒப்பட்டிலும் அதே கணக்கு. பூரணம் இறுகினால் மாவைக் குத்திக்கொண்டு வரும். இளகினால் மாவுக்கு முன்னால் ஓரத்துக்கு ஓடிவிடும். இரண்டும் ஒரே வேகத்தில் நகர்ந்தால் வாழையிலை மேல் எவ்வளவு மெல்லிசாகத் தட்டினாலும் மாவு கூடவே போகும். ஜப்பானில் டொராஹிகோ ஹயாஷி என்பவர் மாவுக்குள் பூரணம் வைக்கும் இயந்திரங்களுக்காக 1963-இல் உட்சுனோமியா நகரில் ரியான் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். இளகிய பொருள் எப்படி நகர்கிறது என்ற அறிவியல்தான் அவற்றுக்கு அடிப்படை. நம் பாட்டிமார் அதை விரல் நுனியில் வைத்திருந்தார்கள்.

வாசகியின் சிக்கல் பெரும்பாலும் பூரணத்துக்கு வேகவைக்கும் பருப்பில் இருக்கும். வெல்லம் சேர்ந்த பிறகு பருப்பு வேகாது. வெல்லத்திலுள்ள கால்சியம் அதன் செல்சுவரை இறுக்கிவிடும். அரைவேக்காட்டுப் பருப்பு எவ்வளவு அரைத்தாலும் நறநறவென்று நின்று மாவைக் கிழிக்கும். குக்கரில் விசில் விட்டுக் குழைத்தாலோ பூரணம் நீர்த்துவிடும். திறந்த பாத்திரத்தில், விரலால் நசுக்கினால் நசுங்கும்வரை வேகவைத்து வடிப்பதே சரி. இதற்குப் பொறுமையில்லாமல் பாக்கெட் ஒப்பட்டு வாங்குகிறோம். பாதிக்கு மேல் மைதாவாக, தடித்து, நாலு நாள் கழித்தும் அப்படியே கிடக்கிற அதைத் தின்று வளரும் பிள்ளைக்கு ஒப்பட்டு என்றால் அதுதான் என்று ஆகிவிடுகிறது. எனக்கு இது வருத்தம்.

அதைவிட வருத்தம், வடித்த தண்ணீரைச் சிங்க்கில் கொட்டுவது. பருப்பின் ஃபோலேட்டும் பொட்டாசியமும் கொஞ்சம் அதில்தான் இறங்கியிருக்கின்றன. ஒரு கை பூரணம், புளி, தேங்காயோடு அரைத்த சாறுப்பொடி சேர்த்துக் கொதிக்கவிட்டு, கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்தால் ஒப்பட்டுச் சாறு. மறுநாள் ருசி இன்னும் கூடும். சுடவைத்து ராகிக் களிக்கு ஊற்றிக்கொள்ளலாம்.