சோடா விற்ற மைதானத்திலேயே கோப்பை!

வித்துரா:
பொன்முடி சாலைத் தோட்டங்களில் வசிக்கும் நம்மவர்களில் இளவட்டங்களிடம் ஐ.எம். விஜயன் என்றால், "திமிரு படத்து வில்லன்தானே?" என்பார்கள். தலை நரைத்தவர்களைக் கேட்டால் வேறு கதை வரும். அவர்களுக்கு அவர் கேரள போலீஸ் அணியின் முன்னணி ஆட்டக்காரர்.

1969-ல் திருச்சூரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் விஜயன். சிறு வயதில் திருச்சூர் முனிசிபல் ஸ்டேடியத்தில் சோடா விற்றார். பாட்டில் ஒன்றுக்குக் கிடைத்தது 10 பைசா. ஆட்டம் பார்க்க டிக்கெட் வாங்க வேண்டியதில்லை என்பது அந்த வேலையில் இருந்த தனி லாபம்!

அந்தப் பையனின் காலில் இருந்த வித்தையைக் கண்டுகொண்டவர் அப்போதைய போலீஸ் டி.ஜி.பி. எம்.கே. ஜோசப். 17 வயதில் போலீஸ் அணியில் இடம். 18 ஆனதும் கான்ஸ்டபிள் உத்தியோகம். மாதம் பிறந்தால் சம்பளம் என்பது அவரைப் போன்ற வீட்டில் எவ்வளவு பெரிய விஷயம் என்று கூலிக்காரக் குடும்பங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1990-ல் பெடரேஷன் கோப்பை இறுதி ஆட்டம் அதே திருச்சூரில் நடந்தது. கோவாவின் சால்கோகர் அணியை 2-1 என்று போலீஸ் அணி வீழ்த்தியது. சத்யன், பாப்பச்சன், ஷரப் அலி ஆகியோருடன் விஜயனும் அந்த அணியில் இருந்தார். சோடா விற்ற மைதானத்திலேயே கோப்பை! மறு ஆண்டும் கோப்பை போலீசாருக்கே.

பிறகு கொல்கத்தா அழைத்தது. உத்தியோகத்தை விட்டு மோகன் பகான் போனார், திரும்பி வந்தார், மறுபடியும் போனார். நிலையான வேலையா, பெரிய கிளப்பின் பணமா என்ற இழுபறி அது. கிளப்பை நம்புவதும் லேசான காரியம் அல்ல. அவர் ஆடிய எப்.சி. கொச்சின் 1997-லேயே டூரண்ட் கோப்பையை வென்ற அணி. சில ஆண்டுகளில் அது இருந்த இடம் தெரியாமல் போயிற்று. பஞ்சாபின் ஜே.சி.டி., கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ், ஈஸ்ட் பெங்கால் என்று ஊர் ஊராக ஆடினார். வங்காளிகள் வைத்த பெயர் 'காலோ ஹரின்', அதாவது கறுப்பு மான்.

1992-ல் அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருதை முதன் முதலாகப் பெற்றவர் இவர்தான். 1999-ல் காட்மாண்டுவில் பூட்டானுக்கு எதிராக, விசில் ஊதிய 12-வது வினாடியிலேயே கோல் போட்டார். மைதானத்தில் ஆட்கள் உட்கார்ந்து முடிப்பதற்குள் கோல்! 2003 ஆப்பிரிக்க ஆசிய விளையாட்டில் 4 கோல்கள் அடித்து, அத்துடன் இந்திய அணியிலிருந்து விடைபெற்றார். அதே ஆண்டில் அர்ஜுனா விருது.

கிளப் ஆட்டமும் முடிந்த பின் அவர் மீண்டும் வந்து சேர்ந்தது பழைய போலீஸ் உத்தியோகத்தில்தான். 2025-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அந்த ஏப்ரலில், கான்ஸ்டபிளாகச் சேர்ந்தவர் மலப்புறம் எம்.எஸ்.பி.யின் துணைக் கமாண்டன்டாக ஓய்வு பெற்றார்.