டிஸ்க் கெட்டதா, கேபிள் போனதா?

ஃபைலைத் திறந்தால் ‘இன்புட்/அவுட்புட் எரர்’ என்று ஒரே வரி. யூனிக்ஸ் காலத்திலிருந்து வரும் பிழை எண் 5 இது. உடம்பு சரியில்லை என்று மட்டும் சொல்லும், எங்கே வலி என்று சொல்லாது.

டிஸ்க்குக்குத் தெரியும். ஸ்கஸி என்ற இணைப்பு முறையில் பேசும் டிஸ்க் ‘சென்ஸ் கீ’ என்றொரு எண் அனுப்புகிறது: 2 என்றால் தயாராக இல்லை, 3 என்றால் பதிவுப் பரப்பிலேயே கோளாறு. இதை லினக்ஸ் ஏன் பிரித்துப் பார்க்க வேண்டும்? பெரிய சர்வர்களில் ஒரே டிஸ்க்குக்கு இரண்டு வழிகள் இருக்கும். ஒன்று அறுந்தால் மற்றதில் கேட்கலாம். செக்டரே கெட்டிருந்தால் எந்த வழியில் கேட்டாலும் அதே பதில்தான்; நல்ல வழியையும் பழுதென்று ஒதுக்கிவிடும் ஆபத்து வேறு.

எனவே லினக்ஸின் மையமான கர்னலுக்குள் வழிக்கோளாறுக்குப் பிழை எண் 67, பரப்புக் கோளாறுக்கு 61. இந்த 61 ‘தரவு இல்லை’ என்று வேறு வேலைக்குப் பிறந்த எண்; இரவல் சட்டை, அளவு கொஞ்சம் முன்னே பின்னேதான். டிவிடி டிரைவில் தட்டே இல்லையென்றால் சொந்தமாக 123 உண்டு.

வேடிக்கை என்னவென்றால், சாதாரணமாக ஃபைல் படிக்கும் புரோகிராமுக்குக் கடைசியில் வந்து சேருவது பெரும்பாலும் அதே 5. காரணம் தெரிய கர்னல் பதிவில் ‘கிரிட்டிக்கல் மீடியம் எரர்’ என்ற வரியைத் தேட வேண்டும்.