பழைய லேசருக்குப் புதுக் கயிறு

1969-இல் கனடாக்காரர் புரூஸ் கர்பி, தொலைபேசியில் பேசிக்கொண்டே தாளில் கிறுக்கிய படகுதான் லேசர். காரின் கூரைமேல் கட்டிக்கொண்டு போக ஒரு சிறு பாய்ப்படகு வேண்டும் என்று நண்பர் இயன் புரூஸ் கேட்டிருந்தார். நீளம் 4.2 மீட்டர், உடல் எடை 59 கிலோ, பாய் 7.06 சதுர மீட்டர், ஓட்ட ஒரே ஆள். அது 1996-இல் ஒலிம்பிக்குக்குள் நுழைந்தது. இன்று புதிதாகக் கட்டுவதை ஐ.எல்.சி.ஏ. என்கிறார்கள். சென்னையின் நேத்ரா குமணன் டோக்கியோவிலும் பாரிஸிலும் ஓட்டியது இதே உடலில் சிறிய பாய் ஏற்றிய வகை.

'இதே உடல்' என்பதுதான் விஷயமே. ஐம்பது ஆண்டுகளாக உடலின் வடிவத்தை விதிமுறை மாறவிடவில்லை. அதனால்தான் 1980-களின் லேசரை வைத்திருப்பவருக்கு, கொஞ்சம் செலவழித்தால் புதுப்படகோடு போட்டி போடலாமே என்ற ஆசை வருகிறது. நியாயமான ஆசைதான்.

அன்று ஓட்டியவர்கள் காற்றோடு மட்டுமல்ல, கயிற்றோடும் மல்லுக்கட்டினார்கள். பாயின் அடிவிளிம்பைத் தாங்கும் குறுக்குக் கம்பமான பூமைக் கீழே இழுத்துப் பிடிக்கும் வாங் கயிற்றுக்குக் கப்பிகள் குறைவு. பலத்த காற்றில் பாயை உள்ளிழுக்கும் முதன்மைக் கயிறான மெயின்ஷீட்டை முழுக்க இழுத்து, பூம் தாழும் அந்த நொடியில் வாங்கின் தொய்வைப் பிடித்துக் கட்ட வேண்டும். பூமின்மேல் ஏறி உட்கார்ந்து இறுக்கியவர்களும் உண்டு. பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும். பாயின் அடிவிளிம்பை இழுக்கும் அவுட்ஹாலின் பிடிப்போ பூமிலேயே இருந்தது. காற்று மாறினால் எட்டிப்போய்த் தளர்த்த வேண்டும், அல்லது பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே ஓட்ட வேண்டும்.

2001-இல் விதி தளர்ந்தது. வாங், பாயின் முன்விளிம்பைக் கீழே இழுக்கும் கன்னிங்ஹாம், அவுட்ஹால் மூன்றுக்கும் கூடுதல் கப்பிகள் வந்தன. கயிறுகள் ஓட்டுபவரின் கைக்கெட்டும் இடத்துக்கு வந்தன. இன்றைய வாங்கில் இழுவிசை 15 மடங்கு வரை பெருகும். படகுக்கு வெளியே சாய்ந்து தொங்கியபடியே ஒல்லியான ஆளும் ஒரு கையால் இறுக்கலாம். என் கணக்கில், பழைய லேசருக்குச் செய்யக்கூடிய செலவில் இதைப்போல் பலன் தருவது வேறில்லை.

அடுத்தது பாய். பழைய பாயின் மெல்லிய துணி சீக்கிரம் தளர்ந்து, அதன் குழிவு பின்னுக்கு நகர்ந்துவிடும். அதன்பின் வீசுகிற காற்று படகை ஓட்டுவதைவிடச் சாய்ப்பதுதான் அதிகம். 2010-களின் நடுவில் வந்த இரண்டாம் தலைமுறைப் பாயின் துணி கனமானது, நாள்பட உழைக்கும். பின்னாலேயே கலப்புப்பொருளில் செய்த மேல் பாய்மரமும் வந்தது. அலுமினியத்தில் செய்த பழையது வளைந்தால் வளைந்ததுதான். எதிர்ப்பக்கம் வளைத்து நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள்.

இதையெல்லாம் வாங்குவதற்கு முன் படகின் உடலைப் பார்க்க வேண்டும். முன்தளத்தில் கட்டைவிரலால் அழுத்துங்கள். மெத்தென்று உள்ளே போனால் கண்ணாடியிழையும் உள்ளிருக்கும் நுரையும் பிரிந்துவிட்டன என்று பொருள். பாய்மரம் செருகும் குழியில் தண்ணீர் ஊற்றிச் சிறிது நேரம் விடுங்கள். மட்டம் இறங்கினால் குழியின் அடியில் கசிவு. கவனிக்காமல் விட்டால் ஒருநாள் பாய்மரம் தளத்தைப் பிய்த்துக்கொண்டு சாயும். அடுத்து, எடை. உள்ளே ஊறிய நீர் சில கிலோவைச் சத்தமில்லாமல் ஏற்றியிருக்கும். இளகிய உடல் அலையில் நெளியும், வாங்கில் கூட்டிய இழுவிசையை அது தின்றுவிடும். குழியின் கசிவை அடைத்துவிடலாம். தளமே இளகிய படகுக்குப் புதுப்பாய் தண்டச்செலவு.

கிளப்புக்குள் பொழுதுபோக்காக ஓட்டுபவருக்கு அங்கீகாரமில்லாத மலிவான பாயே போதும்; லேசர் வகுப்பின் அதிகாரப்பூர்வப் பந்தயத்தில் அதை விடமாட்டார்கள். சுக்கானின் தடித்த மரக்கைப்பிடியை மாற்றுவதும் பார்வைக்குச் சின்ன வேலைதான். ஆனால் பின்தளத்துக் குறுக்குக் கயிற்றை இழுத்து இறுக்கவிடாமல் தடுப்பது பெரும்பாலும் அந்தத் தடிமன்தான். மெல்லிய கார்பன் கைப்பிடி போட்டால் கயிறு விறைப்பாக நிற்கும், அதில் ஓடும் கப்பி ஓரத்திலேயே தங்கும்.

அடிப்பாகத்தை உப்புத்தாளால் தேய்த்து வழுவழுப்பாக்கினால் வேகம் கூடும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். பழுதுபார்க்க அல்லாமல் அப்படித் தேய்க்க விதியில் இடமில்லை. மெழுகு போட்டுத் துடைத்தால் போதும். கப்பி, பாய், மேல் பாய்மரம் எல்லாவற்றின் விலையையும் கூட்டி, உடல் கெட்டியான பத்து வயதுப் படகின் விலைக்கு அருகே வந்துவிட்டால், பழையதை விற்றுவிட்டு அதையே வாங்குங்கள்.