நெம்மேலியின் நுண்சவ்வு

கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரத்திற்கு வடக்கே உள்ளது நெம்மேலி. அங்கே கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் இரண்டு உள்ளன. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள முதல் நிலையம் 2013-இலும், 15 கோடி லிட்டர் திறனுள்ள இரண்டாம் நிலையம் 2024-இலும் திறக்கப்பட்டன. சென்னையின் தென்பகுதிகளுக்கு இங்கிருந்து நீர் செல்கிறது. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புள்ள கடல்நீரைக் குடிநீராக்குவது எது? ஒரு மெல்லிய சவ்வுதான்.

ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்குகளாக்கினால், அதில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். தலைமயிரின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர். சவ்வின் மேல் உப்பைத் தடுக்கும் பாலிஅமைடு படலத்தின் தடிமனோ 200 நானோமீட்டர் அளவே. அதைத் தாங்கக் கீழே தடித்த அடுக்குகள் உண்டு. படலத்தின் இடைவெளிகள் ஒரு நானோமீட்டருக்கும் குறைந்தவை.

இதை மாவு சலிக்கும் சல்லடை போன்றது என்று எண்ணிவிடக் கூடாது. ஏனெனில், சோடியம் அயனி நீர் மூலக்கூற்றைவிடச் சிறியது! ஆனால் மின்னேற்றம் உடைய அந்த அயனி, நீர் மூலக்கூறுகளைத் தன்பால் இழுத்துப் போர்வைபோல் போர்த்திக்கொள்கிறது. போர்வையுடன் அது இடைவெளியில் நுழைய முடியாது. போர்வையைக் களையவோ மிகுந்த ஆற்றல் வேண்டும். ஆகவே உப்பு பின்தங்கிவிடுகிறது. நீர் கடந்து செல்கிறது.

எனினும் நீர் தானாகக் கடப்பதில்லை. நீரில் போட்ட உலர்ந்த திராட்சை உப்புவதைப் பார்த்திருப்பீர்கள். கரைசல் செறிந்த பக்கத்தை நோக்கி நீர் செல்வதே இயற்கை. இதுவே சவ்வூடு பரவல். இதை எதிர்த்திசையில் நிகழ்த்தவே, வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 60 மடங்கு அழுத்தத்துடன் கடல்நீரைச் சவ்வின்மீது செலுத்துகிறார்கள். 1960-ஐ ஒட்டி அமெரிக்காவில் இதற்கேற்ற சவ்வை உருவாக்கிய இருவருள் ஒருவர், இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜன். மற்றவர் சிட்னி லோப்.

இந்த அழுத்தத்திற்கு மின்சாரம் தேவை. கடல்நீரில் பாதியை நன்னீராக்கினால், ஆயிரம் லிட்டர் நன்னீருக்கு ஏறத்தாழ ஒரு யூனிட்டாவது செலவாகும் என்பது இயற்பியல் விதி. நடைமுறையில் இத்தகைய நிலையங்களுக்கு மூன்று, நான்கு யூனிட் ஆகிறது. சிறந்த நானோ சவ்வுகள் வந்தால் செலவு குறையலாம். அந்த ஒரு யூனிட்டுக்குக் கீழே இறங்காது. மேலும், மீதமாகும் பாதி நீர் ஏறத்தாழ இருமடங்கு உப்புடன் கடலுக்கே திரும்புகிறது. மீனவர் வலைவீசும் கரையில் அது நன்கு கலந்து கரைகிறதா என்று கண்காணிப்பதும் இத்தொழில்நுட்பத்தின் ஒரு பகுதியே.

செங்கற்பட்டை ஏரிகளின் மாவட்டம் என்பர். மழைநீரைத் தேக்கிவைக்க மதுராந்தகம் ஏரி மின்சாரம் கேட்பதில்லை. மழை பொய்த்த ஆண்டில் சவ்வு நமக்குக் கைகொடுக்கும். மழை பெய்த ஆண்டில் ஏரிகளைத் தூர்வாராமல் விட்டோமானால், வீணே கடலில் கலந்த நீரை மின்சாரம் கொடுத்துத் திரும்ப வாங்குகிறோம் என்றுதான் பொருள்.