வான்வழித் தொலைவும் பயண நேரமும்

‘எவ்வளவு தூரம்?’ என்று கேட்டால் ‘நாலு மணி நேரம்’ என்று விடை கூறுவது நம் வழக்கம். இது புதிய பழக்கமன்று. ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம், நடந்து கடக்கும் தொலைவை ‘நாழிகைவழி’ என்றே தமிழர் அளந்தனர். நடப்பவனுக்குத் தொலைவும் நேரமும் ஒன்றே. வானூர்தியில் செல்பவனுக்கு அவை ஒன்றல்ல. புக்கிட் பெலண்டோக் வட்டாரத் தோட்டங்களுக்கு அண்மையில், சிப்பாங்கில், 1998இல் திறக்கப்பெற்ற பன்னாட்டு வானூர்தி நிலையத்தைக் கொண்டே இதனை விளக்குவோம்.

சிப்பாங் நிலையம் வட அகலாங்கு 2.75 பாகையிலும் கிழக்கு நெட்டாங்கு 101.7 பாகையிலும் உள்ளது. சென்னை நிலையம் முறையே 13, 80.2 பாகைகளில் உள்ளது. அகலாங்கு வேறுபாடு 10.25, ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர் எனக் கொண்டால் ஏறத்தாழ 1,138 கிலோமீட்டர். நெட்டாங்கு வேறுபாடு 21.5, இப்பகுதியில் ஒரு பாகை 110 கிலோமீட்டர் ஆகையால் 2,365 கிலோமீட்டர். இவ்விரண்டையும் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களாகக் கொண்டால் மூன்றாம் பக்கம் ஏறத்தாழ 2,625 கிலோமீட்டர். கோள வடிவக் கணக்கும் 2,630 அளவிலேயே நிற்கிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய இடங்களாதலின் இவ்வெளிய முறை பொருந்தியது. இலண்டனுக்கு இதே முறையைக் கையாண்டால் பெரும்பிழை நேரும்.

மணிக்கு 830 கிலோமீட்டர் வேகமெனில் மூன்று மணி பத்து நிமிடம் போதும். ஏற்றம், இறக்கம், ஓடுபாதை ஊர்தல் ஆகியவற்றைச் சேர்த்தால் நான்கு மணியை நெருங்கும். மாணவர் இடறுவது அடுத்த படியில்தான். இரவு 10 மணிக்குப் புறப்பட்டவர் சென்னையில் 11.30க்கு இறங்குவார், நள்ளிரவு 12.30க்கு அங்கிருந்து கிளம்பியவர் இங்கே காலை 7 மணிக்கு இறங்குவார். போக ஒன்றரை மணி, வர ஆறரை மணி என்று எழுதிய விடைத்தாள்கள் உண்டு! இரு நாட்டுக் கடிகாரங்களுக்கும் இடையே இரண்டரை மணி வேறுபாடு. 1982 புத்தாண்டில் தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரைமணி முன்னகர்த்தும்வரை அது இரண்டு மணியாகவே இருந்தது. பழைய கடிதங்களைப் படிப்போர் இதனை நினைவிற் கொள்ளுதல் நலம்.

இக்கணக்கு வகுப்பறையோடு முடிவதன்று. நாமக்கல் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் தாய் இறந்த செய்தி அதிகாலையில் தோட்டத்து வீட்டுக்கு வருகிறது. ‘எப்போது எடுப்பார்கள்?’ என்பதே முதல் வினா. சிப்பாங்கிலிருந்து திருச்சிராப்பள்ளி ஏறத்தாழ 2,690 கிலோமீட்டர்; சென்னையைவிட அறுபது கிலோமீட்டர் மிகுதி. ஆயினும் சென்னையில் இறங்கினால் சாலையில் மேலும் ஆறு ஏழு மணி நேரம். திருச்சியில் இறங்கினால் இரண்டு மணி நேர அளவே. வானில் நீண்ட வழியே வீட்டுக்குக் குறுகிய வழி. எனினும் திருச்சி வானூர்தி மாலையில்தான் புறப்படும் என்றால், காலையில் கிளம்பும் சென்னை வானூர்தியே முந்திக்கொள்ளக்கூடும். விசா கைக்கு வரும் நேரமோ எந்த வாய்பாட்டிலும் அடங்காது.

ஆகவே தேர்வுத்தாளில் ‘பயண நேரம்’ என்று மட்டும் எழுதுதல் போதாது. ‘பறக்கும் நேரம்’, ‘கடிகார வேறுபாடு’, ‘வீடு சேரும் நேரம்’ என மூன்றையும் பிரித்துக் கேட்குமாறு ஆசிரியர்களை வேண்டுகிறோம்.