ஜீன்ஸுக்குத் தோள் கொடுத்த பட்டை

பொத்தான் அறுந்த டவுசரின் மேல் அரைஞாண் கயிற்றை இழுத்துவிட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் ஓடியவர்களுக்கு ஓர் உண்மை தெரியும்: கால்சட்டையைப் போடுவது பெரிதல்ல, அதை இடுப்பில் நிற்க வைப்பதுதான் பெரிது. இந்தச் சிக்கலுக்கு இரண்டு தீர்வுகள் நிலைத்திருக்கின்றன. இடுப்பைச் சுற்றி இறுக்குவது பெல்ட். தோளிலிருந்து தூக்கிப் பிடிப்பது சஸ்பெண்டர். வேலையிலிருந்து ‘சஸ்பெண்ட்’ ஆகிறவரும் இந்தச் சொல்லுக்கு உறவுக்காரர்தான். இரண்டிலும் தொங்கல்தான் பொருள்.

‘ஜீன்ஸுக்கு சஸ்பெண்டர் போடலாமா, பொருந்துமா?’ என்று ஆண்கள் தயங்குவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். ஜீன்ஸ் பிறந்ததே சஸ்பெண்டரோடுதான்.

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ரீனோ என்ற ஊரில் தையல்காரர் ஜேக்கப் டேவிஸ். சான் பிரான்சிஸ்கோவில் துணி வியாபாரி லீவை ஸ்ட்ராஸ். கால்சட்டைப் பையின் மூலைகள் கிழியாமலிருக்க ரிவெட் அடிக்கும் முறைக்கு இருவரும் 1873 மே 20 அன்று காப்புரிமை வாங்கினார்கள். அப்போது அந்தக் கால்சட்டைக்கு ஜீன்ஸ் என்ற பெயர்கூட இல்லை; ‘இடுப்பு ஓவரால்’ என்றார்கள். பெல்ட் நுழைக்கும் லூப் ஒன்றுகூட அதில் கிடையாது. இடுப்புப் பட்டியில் சஸ்பெண்டர் மாட்டப் பொத்தான்கள், பின்பக்கம் இறுக்கிக்கொள்ள ஒரு சின்ன பக்கிள், அவ்வளவுதான். லூப் 1922இல்தான் வந்தது. 1937இல் பொத்தான்களை எடுத்துவிட்டார்கள். அப்போதும் சில பழைய வாடிக்கையாளர்கள் விடவில்லை. அவர்களுக்காகத் தனியே பொருத்திக்கொள்ளும் பொத்தான்கள் கொடுக்கப்பட்டன.

பிறகு ஏன் பெல்ட் ஜெயித்தது? முதல் உலகப் போரில் சீருடை பெல்ட்டுக்குப் பழகிய ஆண்கள் அதோடு வீடு திரும்பினார்கள். மேலே போடும் வெயிஸ்ட்கோட் மெல்ல மறைந்தது. அதுவரை சஸ்பெண்டர் அதற்குள் ஒளிந்திருந்த உள்ளாடை; வெளியே தெரிந்தால் அநாகரிகம். மறைப்பு போனதும் அதற்குக் கூச்சம் வந்துவிட்டது. கால்சட்டையின் இடுப்பும் தொப்புளிலிருந்து கீழே இறங்கத் தொடங்கியது.

இனி இரண்டும் வேலை செய்யும் விதத்தைப் பார்ப்போம். பெல்ட் நிற்பது உராய்வினால். துணியை உடம்போடு அழுத்தி, இடுப்பெலும்பின் மேட்டில் உட்கார வைக்கிறது. தொந்தி உள்ளவருக்கு அந்த மேடு கிடைப்பதில்லை. பெல்ட் வயிற்றுக்குக் கீழே சறுக்கிவிடும், அவர் நாள் முழுவதும் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருப்பார். ஜீன்ஸ் தைக்கும் கனத்த டெனிம் துணி ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 475 கிராம் இருக்கும், நனைந்தால் இன்னும் கூடும். அதோடு பையில் சாவி, கைபேசி. சஸ்பெண்டர் இந்தப் பாரத்தை நேராகத் தோளுக்கு ஏற்றிவிடுகிறது. இடுப்பை இறுக்க வேண்டிய அவசியமே இல்லை.

குனியும்போது நம் முதுகு நீள்கிறது. அதனால்தான் பல சஸ்பெண்டர்களில் பின்பக்கப் பட்டையில் எலாஸ்டிக் வைக்கிறார்கள். முதுகில் பட்டைகள் குறுக்கே போனால் எக்ஸ் வடிவம். ஒன்றாகச் சேர்ந்து இறங்கினால் ஒய் வடிவம். நுனியில் தோல் நாக்குகள் இரண்டாகப் பிரிந்து இரண்டு பொத்தானில் மாட்டும். பாரமும் இரண்டாகப் பிரியும். க்ளிப் வைத்தது வேறு ரகம். அது பல்லால் துணியைக் கவ்வுகிறது; தடித்த டெனிமில் சரியாகக் கவ்வாமல், நடுவழியில் படாரென்று விட்டு முகத்தில் அடிக்கலாம். நான் க்ளிப் கட்சி இல்லை.

ஒரு குறையை மறைக்கக் கூடாது: அவசரமாகக் கழிப்பறைக்கு ஓடுகிறவருக்கு சஸ்பெண்டர் நண்பன் அல்ல.

அமெரிக்காவின் வடமேற்குக் காடுகளில் மரம் வெட்டுகிறவர்கள் இன்றும் அகலமான சஸ்பெண்டரை ஜீன்ஸோடுதான் போடுகிறார்கள். நாளெல்லாம் குனிந்து நிமிர்கிறவர்களுக்கு பெல்ட் வயிற்றில் குத்தும். 1960களின் இறுதியில் லண்டன் தொழிலாளர் குடும்பத்து இளைஞர்களான ஸ்கின்ஹெட்கள் ஜீன்ஸ், மெல்லிய பட்டை, கனத்த பூட்ஸ் என்பதைத் தங்கள் அடையாளமாக்கினார்கள். பின்னாளில் அவர்களில் ஒரு பகுதி இனவெறிக் கும்பல்களோடு சேர்ந்ததால், அந்தக் கோலம் ஐரோப்பாவில் சிலருக்கு இன்றும் கசக்கும். இன்னொன்று, இங்கிலாந்தில் கடைக்காரரிடம் ‘சஸ்பெண்டர்’ கேட்டால் பெண்களின் காலுறையைப் பிடிக்கும் பட்டையை எடுத்து நீட்டுவார். அங்கே ‘பிரேசஸ்’ என்று கேட்க வேண்டும்.

ஆக, போடலாம். ஆனால் எல்லா ஜீன்ஸுக்கும் அல்ல. இடுப்புக்குக் கீழே நிற்கிற, உடம்போடு ஒட்டிய ஜீன்ஸில் மாட்டினால் பட்டை மேலே இழுக்க, கவட்டையில் வெட்டும், நடக்கவே முடியாது. தொப்புளை ஒட்டி நிற்கிற, இடுப்பில் ஒரு விரல் தளர்வான ஜீன்ஸாகப் பாருங்கள். முன்னால் நான்கு, பின்னால் இரண்டு என்று ஆறு பொத்தான் வைக்கத் தெருமுனைத் தையல்காரரிடம் கொடுங்கள். பெல்ட்டை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கிளம்புங்கள்.