லண்டனில் ஒரு பிறந்தநாள்... குமரியில் ஒரு கதிர்!

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு எழுபது கிலோமீட்டர் வரும். களியக்காவிளை நெரிசலைத் தாண்டிவிட்டால் பாதி உலகம் தாண்டின மாதிரி. அங்கே விமானம் ஏறினால் கொழும்பு, மாலத்தீவு, துபாய், சிங்கப்பூர் எல்லாமே சில மணி நேரம். அதனால்தானோ என்னவோ, ‘இந்த வருஷம் பர்த்டே ஃபிரண்ட்ஸோட ஃபாரின்ல’ என்று பிள்ளைகள் சொல்வது இப்போது குமரி மாவட்ட வீடுகளிலும் சாதாரணமாகிவிட்டது. நள்ளிரவு கேக், உயரமான கட்டடத்தின் முன்னால் ஒரு போட்டோ, வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ். வீட்டிலிருக்கும் பாட்டிக்கோ ஒரே கேள்விதான். “இங்கிலீஷ் தேதிக்கா கொண்டாடுறா? நட்சத்திரம் வர இன்னும் எட்டு நாள் கிடக்கே!”

நூறு வருடத்துக்கு முன்னால் இதே ஊரில் கேள்வி வேறு மாதிரி இருந்தது. கடல் கடந்து போய் வந்தவரைக் கோயிலுக்குள் விடலாமா என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டவர் யார் தெரியுமா? ஆண்டுதோறும் யாருடைய பிறந்தநாளுக்காகக் கன்னியாகுமரியில் நண்பகல் வெயிலைப் பார்க்கக் கூட்டம் கூடுகிறதோ, அந்த காந்திதான்.

லண்டனில் பத்தொன்பது

காந்தி பிறந்தது 1869 அக்டோபர் 2. குஜராத்திக் கணக்கில் புரட்டாசித் தேய்பிறை துவாதசி. நம் ஊரில் தேதிக்கு ஒன்று, நட்சத்திரத்துக்கு ஒன்று என்று இரண்டு பிறந்தநாள் வருவதுபோல அவருக்கும் இரண்டு உண்டு. திதிப் பிறந்தநாளை ராட்டை துவாதசி என்று அவருடைய ஆசிரமங்களில் நூல் நூற்றுக் கொண்டாடினார்கள்.

1888 செப்டம்பர் 4 அன்று பம்பாயில் கப்பல் ஏறி, அந்த மாதக் கடைசியில் லண்டன் போய்ச் சேர்ந்தார். சில நாளிலேயே பத்தொன்பது வயது நிறைந்தது. முதல் வெளிநாட்டுப் பிறந்தநாள்! ஆனால் கொண்டாட்டத்துக்கு நண்பர்களும் இல்லை, மனதும் இல்லை. அந்த நாட்களில் இரவானால் அம்மா நினைப்பு வந்து கண்ணீர் வழிந்தோடியதாகத் தம் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். மதுவையும் மாதுவையும் மாமிசத்தையும் தொடுவதில்லை என்று அம்மாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்துவிட்டு வந்த பிள்ளை. என்ன சாப்பிடுவது என்பதே அவருக்குப் பெரும் பாடு. ஹாஸ்டலில் சேர்ந்த முதல் வாரத்தில் தலையணையை நனைத்த எந்தப் பிள்ளைக்கும் இது புரியும்.

கப்பல் ஏறும் முன்பே சாதிப் பெரியவர்கள் கூட்டம் போட்டு அவரைத் தள்ளிவைத்துவிட்டார்கள். அவருக்கு உதவி செய்கிறவர்களுக்கும் துறைமுகத்துக்கு வழியனுப்பப் போகிறவர்களுக்கும் ஒரு ரூபாய் நாலணா அபராதம். வக்கீலாகத் திரும்பி வந்ததும் அண்ணன் அவரை நாசிக்குக் கூட்டிப்போய்ப் புண்ணிய நதியில் முழுக்காட்டி, பிறகு ராஜ்கோட்டில் சாதிக்காரர்களுக்கு விருந்தும் வைத்தார். அதோடு தீர்ந்தது என்றுதான் வீட்டார் நினைத்திருப்பார்கள்.

குமரியில் நின்ற கால்

முப்பத்து நான்கு வருடம் போனது. 1925 மார்ச். வைக்கம் சத்தியாகிரகத்துக்காகத் திருவிதாங்கூர் வந்த காந்தி, அப்படியே கன்னியாகுமரிக்கும் வந்தார். முக்கடலும் கூடும் இடம் அவரை உருக்கிவிட்டது. கோயிலையும் சுற்றிப் பார்த்தார். ஆனால் கருவறைப் பக்கம் உள்ளே போக அனுமதி இல்லை. காரணம், அவர் இங்கிலாந்து போய் வந்தவர்.

அந்த வருத்தத்தைத் தம் குஜராத்தி இதழான ‘நவஜீவ’னில் எழுதினார். மகிழ்ச்சியோடு கசப்பும் கலந்துவிட்டது என்ற தொனியில் அது இருக்கிறது. கன்னியாகவே தவமிருக்கும் அம்மனின் வாசலில் இப்படி ஒரு விலக்கா என்பதுதான் அவருக்கு உறைத்தது. கோபமாகச் சண்டை எதுவும் போடவில்லை. பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அவருக்காவது கடல் கடந்த ‘குற்றம்’. எந்தக் கடலையும் தாண்டாமல், இதே மண்ணில் பிறந்து இதே வயலில் நாற்று நட்டவர்களுக்குக் கோயிலைச் சுற்றியிருந்த தெருவில்கூட நடக்க உரிமை இல்லாமல் இருந்தது. அடுத்த ஆண்டே, 1926-இல், சுசீந்திரத்தில் சத்தியாகிரகம் தொடங்கியது. நாகர்கோவில் டாக்டர் எம்பெருமாள் நாயுடு அதன் முன்னணியில் நின்றவர். ரதவீதியில் நடக்கக் கேட்டதற்கு அத்தனை போராட்டம். இன்று மார்கழித் தேரோட்டத்தில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு அந்த வீதிகளில் நிற்கிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

கம்பளி நாய்களும் நீலப் பென்சிலும்

இப்போது இரண்டாவது லண்டன் பயணம். 1931. வட்டமேஜை மாநாட்டுக்குக் காங்கிரசின் ஒரே பிரதிநிதியாக ‘ராஜபுதனா’ கப்பலில் போனார். கூட மகாதேவ தேசாய், பியாரிலால், மகன் தேவதாஸ், மீராபென். செப்டம்பர் 12 அன்று லண்டன் போய்ச் சேர்ந்தவர் நட்சத்திர ஹோட்டல் எதிலும் தங்கவில்லை. கிழக்கு லண்டனின் போ பகுதியில், கூலித் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த தெருவில், மியூரியல் லெஸ்டர் என்ற சமூக சேவகி நடத்திய கிங்ஸ்லி ஹாலில் தங்கினார். மொட்டைமாடியை ஒட்டிய ஒரு சின்ன அறை. மாநாடு நடந்த அரண்மனை அங்கிருந்து வெகு தூரம். பக்கத்தில் தங்கினால் சௌகரியம் என்று நண்பர்கள் சொல்லிப் பார்த்தார்கள், அவர் கேட்கவில்லை. பகல் வேலைக்கு நைட்ஸ்பிரிட்ஜில் ஒரு வீட்டை வைத்துக்கொண்டு, இரவு எத்தனை மணியானாலும் படுக்க போவுக்குத் திரும்பிவிடுவார்.

விடியும் முன்னே எழுந்து வேட்டி, சால்வை, செருப்போடு அந்தக் குளிரில் தெருத்தெருவாக நடப்பார். பிள்ளைகள் பின்னாலேயே வருவார்கள். அவர்களுக்கு அவர் ‘காந்தி மாமா’.

ஊர் சுற்றலும் நடந்தது. செப்டம்பர் 22 அன்று ஓர் இந்திய டாக்டரின் வீட்டில் சார்லி சாப்ளினைச் சந்தித்தார். சாப்ளின் படம் எதையும் காந்தி பார்த்ததில்லை. சாப்ளினுக்கோ, இவர் ஏன் இயந்திரங்களை எதிர்க்கிறார் என்று தெரிந்தாக வேண்டும். அதைத்தான் கேட்டார். நான்கு நாள் கழித்து இன்னும் கஷ்டமான சந்திப்பு. லங்காஷயர் நெசவாலைகள் இருந்த டார்வென் ஊருக்குப் போனார். இந்தியாவில் அந்நியத் துணியை மக்கள் ஒதுக்கியதும் சேர்ந்துதான் அங்கே வேலையில்லாத் திண்டாட்டம். தங்கள் வயிற்றில் அடித்தவர் என்று அவர்கள் முகத்தைத் திருப்பியிருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் அன்று எடுத்த போட்டோவில் ஆலைப் பெண்கள் அவரைச் சூழ்ந்து நின்று கையை உயர்த்தி ஆரவாரம் செய்கிறார்கள். நடுவில் சால்வையைப் போர்த்திக்கொண்டு அவர். அந்தப் படத்தை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

அதற்கு ஆறாம் நாள் பிறந்தநாள். 62 நிறைகிறது. லண்டன் நண்பர்கள் பாராட்டுக் கூட்டம் நடத்தினார்கள். அதையெல்லாம் விட மனதில் நிற்பது, கிங்ஸ்லி ஹால் மழலையர் பள்ளிக் குழந்தைகள் கொடுத்த பரிசு. கம்பளியில் செய்த நாய்ப் பொம்மை இரண்டு, ரோஸ் நிற மெழுகுவத்தி மூன்று, ஒரு தகரத் தட்டு, ஒரு நீலப் பென்சில், கொஞ்சம் ஜெல்லி மிட்டாய். ஏழைக் குழந்தைகள் தங்களுக்குப் பிடித்ததையெல்லாம் பொறுக்கிச் சேர்த்திருக்கிறார்கள். எதையும் உடைமையாக வைத்துக்கொள்ளாத மனிதர், இவற்றை மட்டும் பத்திரமாக இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்.

மாநாட்டில் கைக்கு எதுவும் கிடைக்கவில்லை. டிசம்பர் 28 அன்று பம்பாய் வந்து இறங்கினார். 1932 ஜனவரி 4 அன்று கைது. அடுத்த அக்டோபர் 2 எரவாடா சிறையில் கழிந்தது. தாழ்த்தப்பட்டவர்களுக்கான தனித்தொகுதி விவகாரத்தில் உண்ணாவிரதம் இருந்து, அதை முடித்து ஒரு வாரம்கூட ஆகாத உடம்பு அது.

ராஜாவின் பிறந்தநாள்

அந்த உண்ணாவிரதத்தின் அதிர்வு தெற்குக் கோடி வரை வந்தது. ஆலயப் பிரவேசம் பற்றி ஆராயத் திருவிதாங்கூர் அரசு ஒரு குழு அமைத்தது. நான்கு ஆண்டு இழுத்தது. கடைசியில் விஷயத்தை முடித்துவைத்ததும் ஒரு பிறந்தநாள்தான்!

திருவிதாங்கூர் ராஜாக்களின் பிறந்தநாளைத் ‘திருநாள்’ என்பார்கள். பிறந்த நட்சத்திரமே ராஜாவின் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். ஸ்ரீ சித்திரைத் திருநாள் பாலராம வர்மா பிறந்தது 1912 நவம்பர் 7. ஆனால் கொண்டாட்டம் துலாம் மாதச் சித்திரை நட்சத்திரத்தில். 1936-இல் அந்தத் திருநாளுக்கு முந்தைய நாள், கொல்லம் 1112 துலாம் 27, அதாவது நவம்பர் 12 அன்று, ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியானது. பிறப்பாலோ மதத்தாலோ இந்துவான எவரும் அரசின் ஆளுகையில் உள்ள கோயில்களுக்குள் போய் வழிபடலாம் என்றது அது. ராஜாவுக்கு அப்போது வயது 24. திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர். பிரகடனத்தில் அவருக்கு எவ்வளவு பங்கு, போராடியவர்களுக்கு எவ்வளவு பங்கு என்று இன்றும் வாதம் நடக்கிறது. வைக்கத்திலும் சுசீந்திரத்திலும் அடி வாங்கியவர்கள் இல்லாமல் அந்தக் காகிதத்தில் கையெழுத்து விழுந்திருக்காது என்பது மட்டும் நிச்சயம்.

1937 ஜனவரியில் காந்தி திருவிதாங்கூர் வந்து கோயில் கோயிலாகப் போனார், ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த மக்களையும் கூட்டிக்கொண்டு. கன்னியாகுமரிக்கும் வந்தார். 1925-இல் அவரை நிறுத்திய தடை இப்போது சட்டப்படி இல்லை.

பன்னிரண்டு மணி ஒன்பது நிமிடம்

பிறகு அவர் குமரிக்கு வந்தது அஸ்தியாக. 1948 பிப்ரவரி 12 அன்று முக்கடல் கூடும் இடத்தில் கரைப்பதற்கு முன், மக்கள் அஞ்சலிக்காகக் கலசம் வைக்கப்பட்டிருந்த இடத்தில்தான் இன்று காந்தி மண்டபம் நிற்கிறது. பகவதி அம்மன் கோயிலிலிருந்து நாலு எட்டு. 1954-இல் ஆச்சார்ய கிருபளானி அடிக்கல் நாட்டினார். 1956 அக்டோபரில் கட்டி முடிந்தது. அடுத்த மாதமே, நவம்பர் 1 அன்று, மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. அடிக்கல் ஒரு மாநிலத்தில், மண்டபம் இன்னொரு மாநிலத்தில்! ஒடிசா கோயில் பாணியில் எழுந்த அதன் நடுக்கோபுரம் 79 அடி. காந்தி இறந்தது எழுபத்தொன்பதாவது வயதில், நிறைந்தது 78. நடப்பு ஆண்டையும் கூட்டி எண்ணும் நம் ஊர்க் கணக்கையொட்டிய அளவு அது.

அக்டோபர் 2 நண்பகலில் கூரையில் உள்ள துவாரம் வழியாகச் சூரிய ஒளி இறங்கி, கலசம் இருந்த பீடத்தின் மேல் விழும். பள்ளிப் பிள்ளைகளும் கதர் உடுத்திய பெரியவர்களும் பஸ்ஸில் வந்த சுற்றுலாக்காரர்களும் அண்ணாந்து நிற்பார்கள். அன்று கன்னியாகுமரியில் சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரப்படி ஏறத்தாழ 12 மணி 9 நிமிடத்துக்கு. நேர் தலைக்கு மேலேயும் அல்ல, பன்னிரண்டு பாகைக்குச் சற்றுக் குறைவாகத் தெற்கே சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வைக் கணக்கிட்டுத்தான் துவாரம். மேகம் வந்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

பக்கத்திலேயே காமராஜர் மணிமண்டபம். நாகர்கோவில் தொகுதி எம்.பி.யாக இருந்தபோதே அவர் காலமானது 1975 அக்டோபர் 2 அன்று. ஆகவே அந்தத் தேதியில் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் பிறந்தநாள், அந்தப் பக்கம் நினைவுநாள். அன்று போகிறவர்கள் இரண்டு இடத்திலும் பூ போட்டுவிட்டே வருவார்கள்.

லண்டனில் பிறந்தநாள் கொண்டாடத் திட்டமிடும் கோஷ்டிகளுக்கு ஒரு தகவல். கிங்ஸ்லி ஹால் இன்றும் போ பகுதியின் பவிஸ் சாலையில் இருக்கிறது. பிராம்லி-பை-போ ஸ்டேஷனில் இறங்கி நடந்தே போகலாம். சுவரில் காந்தி தங்கியதற்கான நீல நினைவுப் பலகை உண்டு. தினமும் திறந்திருக்கும் மியூசியம் என்று நினைத்துப் போய்விடாதீர்கள், முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போனால்தான் அந்தச் சின்ன அறையைப் பார்க்க முடியும்.

ஊரிலேயே இருப்பவர்களுக்கும் ஒன்று. சூரியன் அக்டோபர் 2-இல் நிற்கும் அதே சாய்வுக்கு வருடத்தில் இன்னொரு முறையும் வரும். வானியல் கணக்குப்படி அது மார்ச் 11, 12 வாக்கில். உச்சி நேரம் மட்டும் 12.30-ஐ ஒட்டித் தள்ளிப்போகும். மார்ச் 12, அவர் தண்டிக்கு உப்பெடுக்க நடக்கத் தொடங்கிய நாள். அன்றைக்கு மண்டபத்தில் கூட்டம் இருக்காது.